அந்த அக்கா பேரு என்னப்பா?

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனாலும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் கோடை. கிள்ளான் பக்கத்து வெக்கையில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அப்போது முதலில் நினைவுக்கு வருவது கேமரன் மலை.

இந்த ஆண்டு விடுமுறையில் நானும் என் மனைவியும் இரண்டு மகள்களோடு புறப்பட்டோம். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஐந்து. என் அம்மாவும் கூட வந்தார். "நான் எதுக்குடா, நீங்க போயிட்டு வாங்க" என்று இரண்டு நாள் மறுத்தவர், பேத்திகள் கையைப் பிடித்து இழுத்ததும் பையை எடுத்துக்கொண்டார்.

தாப்பா வழியாக ஏறினோம். லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைத்தோம். சாலையோரம் செமாய் மக்கள் வைத்திருந்த கடையில் பெத்தாய் வாங்கினோம். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பல், முதல் நடை, முதல் நாள் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்போம். இந்தப் பயணத்திலும் கணக்கு ஏறியது. அத்தனை வளைவுகளையும் இளையவள் வாந்தி எடுக்காமல் கடந்தது இதுவே முதல் முறை. ரிங்லெட் வந்ததும் காருக்குள் எல்லோரும் கைதட்டினோம். மூத்தவள் தன் உண்டியல் காசில் பத்து வெள்ளி கொண்டுவந்து, தங்கைக்கு ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்தாள். அவள் தன் காசில் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அதுதான் முதல் முறை.

மறுநாள் காலை ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். பனி விலகி, மலைச்சரிவு முழுக்கப் பச்சை. பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடினார்கள். அம்மா மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. "குளிருது, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாதையோரத்தில் ஒரு பெண் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தலையில் துணி, முதுகில் பெரிய கூடை. நான் கையைக் காட்டி, மூத்தவளை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். அவரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார். மூன்று படம் எடுத்தேன். "தேங்க் யூ" என்றேன். அவர் சிரித்தார். நாங்கள் காருக்கு வந்துவிட்டோம். வண்டியைக் கிளப்பும் முன்பே அந்தப் படத்தைப் பதிவேற்றி, மேலே இப்படி எழுதினேன்: "எங்கள் வேர்களைத் தேடி."

பின் இருக்கையிலிருந்து மூத்தவள் கேட்டாள், "அந்த அக்கா பேரு என்னப்பா?"

"தெரியலம்மா."

"நீங்க கேக்கலையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், "அவங்க என் பேரைக் கேட்டாங்கப்பா. நான் சொன்னேன்."

நான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த மலையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே கொழுந்து எடுக்கப் போனவர். நான் தேடுவதாகப் பெருமை அடித்துக்கொண்ட வேர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதை நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாவிடம் பேசினேன். "நீங்க இங்க வேலை செஞ்சதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லணும்மா. அவங்களுக்குத் தெரியணும்."

"வேணாம்" என்றார் அம்மா. கோபம் இல்லை, ஆனால் உறுதியாகச் சொன்னார். பிறகு, நான் அதுவரை கேட்டிராததை எல்லாம் மெல்லச் சொன்னார். தாத்தா நோயில் படுத்ததும் ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. கருக்கலில் பெரட்டு. மழையானாலும் இடுப்பில் பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். காலில் அட்டை. விறைத்துப்போன விரல்கள். சாயங்காலம் நிறுவையில், ஈரத்துக்கு என்று கழித்துக்கொள்ளும் எடை. "அந்தப் பச்சையைப் பாத்தா உங்களுக்கு அழகு. எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார்.

"அதனாலதான் சொல்றேன், பிள்ளைங்களுக்குத் தெரியணும்..."

"தம்பி, நான் பட்டது எதுக்கு? நீயும் உன் பிள்ளைங்களும் இந்த மலைக்கு வந்தா ஓடி விளையாடணும்னுதான். இப்ப அதுங்க ஓடுது. அதைப் பாக்கவும் செஞ்சுட்டேன். அந்தப் பாரத்தைத் தூக்கி அதுங்க தலையில வைக்காத."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பர்களே, அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். விளையாட வந்த ஒரு குழந்தையிடம், அந்த இடத்தின் வேர்வையைச் சொல்லலாமா? சொல்லாமல் விடுவது அன்பா, அல்லது நன்றி கெட்ட செயலா?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மலைநிலத்தைப் பற்றிக் குறித்து வைத்தது 1885-இல். ஒராங் அஸ்லி மக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்தக் காடுகளில் வாழ்ந்தவர்கள். ஆனால் மலையின் பெயரில் நிற்பவர் கேமரன். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். காட்டை அழித்து, சரிவை வெட்டி, செடி நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் மூலம் ஊரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை அந்த வரத்து தொடர்ந்தது. என் தாத்தா அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்த சிறுவன்.

தேயிலை என்பது செடியே இல்லை, மரம். வெட்டாமல் விட்டால் பல மீட்டர் உயரம் வளரும். மனிதனின் இடுப்புயரத்தில் அது நிற்கிறது என்றால், யாரோ விடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். நூறு ஆண்டு தாண்டியும் கொழுந்து விடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் குடிக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் பின்னால் எத்தனை முறை ஒருவர் விரலை வளைத்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் இயற்கை அழகு என்று படமெடுக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கை அல்ல. அது உழைப்பு.

இப்போது அம்மாவின் பக்கத்தைப் பார்ப்போம். அதில் நியாயம் இருக்கிறது. பெற்றவர்கள் படும் பாட்டின் பலனே பிள்ளைகளின் கவலையில்லாத சிரிப்புதான். அந்தச் சிரிப்பிலேயே ஒரு பாரத்தை ஏற்றினால், பட்ட பாடு எதற்கு? நம் மரபும் மகிழ்ச்சியைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் என்று வள்ளுவர் ஐந்து பேரைச் சொல்கிறார். மூதாதையர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். தன்னைப் பேணுவதும் அறம்தான். விடுமுறைக்கு மலைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. அது அம்மாவின் கதை. என் கதை அல்ல. அவர் சொல்ல விரும்பாததை என் பிள்ளைகளின் நல்லொழுக்கப் பாடத்துக்காக நான் எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அந்தப் பெண்ணைக் கேட்காமல் படமெடுத்தேன். அம்மாவின் வலியையும் கேட்காமல் எடுத்தால், அதுவும் அதே தவறுதானே?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வள்ளுவரின் வரிசையை மறுபடி பாருங்கள். தான் என்பது கடைசியில் வருகிறது. மூதாதையர் முதலில் வருகிறார்கள். கீதையின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. பெற்றதைத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிக்கிறவனைத் திருடனுக்கு ஒப்பிடுகிறது. இதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் பொருள் கொள்ள முடியாது. யாரிடமிருந்து பெற்றோம் என்று தெரிந்திருப்பதே திருப்பிக் கொடுப்பதன் முதல் படி. தெரியாத கடனை யாராலும் அடைக்க முடியாது.

அதோடு, என் மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். கேட்டும் விட்டாள். நான் பதில் சொல்லாமல் விட்டாலும் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறாள். நம் மனமகிழ்ச்சிக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயர் நமக்குத் தேவையில்லை என்பதே அந்தப் பாடம். பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு எதுவும் போய்ச் சேராது என்று நினைக்கிறோம். நாம் சொல்லாமல் விடும் இடங்களையும் அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

யோசிக்க யோசிக்க, அம்மாவும் நானும் வேறு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அம்மா பயந்தது குற்றவுணர்ச்சிக்கு. பிள்ளைகள் ஒவ்வொரு வாய் தேத்தண்ணியிலும் பாட்டியின் இடுப்பு வலியை நினைத்துக் கலங்க வேண்டுமா என்பதே அவர் கேள்வி. வேண்டாம்தான். குற்றவுணர்ச்சி நம்மைப் பற்றியே நம்மை யோசிக்க வைக்கும். நான் எவ்வளவு மோசம் என்று புலம்பிவிட்டு அப்படியே உட்கார வைத்துவிடும். நான் கேட்டது நன்றியுணர்ச்சி. அது அடுத்தவர் பக்கம் நம்மைத் திருப்பும். குழந்தையால்கூட அதைச் சுமக்க முடியும். பத்து வெள்ளியில் தங்கைக்கு ஸ்ட்ராபெரி வாங்கியவளுக்கு அது புதிதும் அல்ல.

இந்த இடத்தில் என் தவறின் முழு உருவமும் எனக்குத் தெரிந்தது. "வேர்களைத் தேடி" என்று எழுதினேன் அல்லவா? அந்த வார்த்தைகளில் என் பாட்டன் பாட்டியைப் பற்றிய பெருமை இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற பெண் எனக்கு வெறும் பின்னணியாக இருந்தார். இன்று இந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். முகவரிடம் கடன்பட்டு வந்து, அந்தக் கடனை அடைக்கவே பல மாதம் உழைப்பவர்களும் அவர்களில் உண்டு. நம் தாத்தாக்கள் கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வந்த கதையும் ஏறக்குறைய இதுதான். ஆள் மாறியிருக்கிறார்கள், மொழி மாறியிருக்கிறது. கூடை மட்டும் அதே கூடை.

இல்லறத்தானுக்கு ஐந்து வேள்விகளை நம் நூல்கள் விதிக்கின்றன. அவற்றில் பித்ரு யக்ஞம் ஒன்று. மனுஷ்ய யக்ஞம் இன்னொன்று. முன்னோருக்குச் செய்வது ஒன்று, இன்று கண்முன் இருக்கும் மனிதருக்குச் செய்வது மற்றொன்று. ஒன்றைச் செய்தால் மற்றதற்கு விலக்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நாமோ அமாவாசைக்குப் படையல் வைக்கிறோம். முன்னோரின் தியாகத்தை மேடையில் பேசுகிறோம். பிறகு அதே வேலையை இன்று செய்கிறவரை "ஏய்" என்று கூப்பிடுகிறோம். மூதாதையர் மேல் வைக்கும் பாசத்துக்குச் செலவு குறைவு. அவர்கள் திரும்பி எதையும் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருப்பவரிடம் காட்டும் மரியாதையில்தான் அந்தப் பாசம் உண்மையா என்று தெரியும்.

மறுநாள் காலை பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சுவாமி கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு வெளியே வந்ததும் அம்மாவே சொன்னார், "தம்பி, நேத்து போன தோட்டத்துக்கே போ."

நான் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை அவர் காரை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றார். பிறகு மூத்தவளைக் கூப்பிட்டார்.

"இங்க வா கண்ணு. ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு. இதான் கொழுந்து. நகத்தால கிள்ளக்கூடாது, கருத்துப்போகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இப்படிச் சேத்து, லேசா ஒடிக்கணும். டக்குனு வரும்."

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த விரல்கள் மறக்கவில்லை. இளையவள் ஆசையோடு ஒரு கொழுந்தை நோக்கிக் கையை நீட்டினாள். அம்மா மெதுவாகத் தடுத்தார். "பறிக்காதம்மா. அது அவங்க கூலி."

"உங்களுக்கு எப்படிப் பாட்டி தெரியும்?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நான் இந்த மலையில வேலை செஞ்சிருக்கேன். உன் வயசைவிடக் கொஞ்சம் பெரியவளா இருக்கும்போது."

"கஷ்டமா இருந்துச்சா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஆமா. இருந்துச்சு. ஆனா இந்த வேலையில எங்க லயத்துலயே நான்தான் வேகம்" என்றார்.

அவ்வளவுதான். அவர் வலியை மறைக்கவும் இல்லை, அதைச் சுமக்கச் சொல்லவும் இல்லை. கைத்திறனை முதலில் கொடுத்தார். வலி, கேட்ட பிறகு, கேட்ட அளவுக்கு வந்தது. இரவெல்லாம் நான் உருட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு அம்மா இரண்டு விரலில் பதில் சொல்லிவிட்டார். பொய் சொல்லக்கூடாது. திணிக்கவும் கூடாது. உழைத்தவரைப் பாவப்பட்டவராக மட்டும் காட்டக்கூடாது. அவர் எதில் கெட்டிக்காரர் என்பதையும் காட்ட வேண்டும். யாருடைய கதையோ, அதை அவரே சொல்லட்டும். நாம் செய்ய வேண்டியது, அவர் சொல்ல முன்வரும் நாளில் பக்கத்தில் இருப்பது.

முந்தைய நாள் பார்த்த பெண்ணைத் தேடினோம். அவர் அங்கே இல்லை. எடுத்த சரிவில் மறுபடி கொழுந்து தயாராக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதுவரை அவர்கள் வேறு வேறு சரிவுகளுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர் பெயர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பதிவேற்றிய படத்தை நீக்கிவிட்டேன். செய்ததை அதனால் இல்லாமல் செய்துவிட முடியாது என்பதும் தெரியும்.

பெயர் கேட்டால் மட்டும் சம்பளம் உயர்ந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். உயராது. பெயர் கேட்பதோடு மனம் நிறைந்துவிட்டால் அதுவும் ஒரு படமெடுத்தல்தான். ஆனால் பெயர் தெரிந்த ஒருவரை ஏமாற்றுவது, பெயர் தெரியாத ஒருவரை ஏமாற்றுவதைவிடக் கடினம். தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. நம்மில் பலர் நாளை கடை வைப்போம், உணவகம் நடத்துவோம், ஆலய நிர்வாகத்தில் உட்காருவோம். நம் உணவகங்களிலும் ஆலயங்களிலும் ஊரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அது அவர்கள் கைக்குப் போகிறதா, கடப்பிதழ் அவர்களிடமே இருக்கிறதா, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதா என்று கேட்கும் இடத்தில் நாம் இருப்போம். அன்று கேட்கும் துணிவு, இன்று "உங்க பேரு என்னாண்ணே?" என்று கேட்கும் பழக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பிய வாரம் மூத்தவள் முதல் முறையாகத் தானே தேத்தண்ணி கலக்கினாள். சீனி அதிகம். அம்மா முழுதும் குடித்தார். எங்கள் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டோம்.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் மேசைக்கு வருகிறவரிடம் அவள் பெயரைக் கேட்கிறாள். தேத்தண்ணி வர நேரமாகிறது. சில சமயம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. போன வாரம் ஒருவர், அவள் கேட்டதும், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சில விநாடி நின்றுவிட்டார். இந்த ஊரில் அதைக் கேட்டவர்கள் அவருக்குக் குறைவு போலிருக்கிறது. பிறகுதான் சொன்னார்.

அடுத்த விடுமுறைக்கு நீங்களும் மலைக்குப் போவீர்கள். போய் வாருங்கள். ஓடுங்கள், சிரியுங்கள், படமும் எடுங்கள். அதற்கு முன், பெயரைக் கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்றும் கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.